முக்கோணத்துக்குள் ஓர் எண்: வீட்டுக் குப்பை குறித்த ஒரு குழப்பத்தின் வரலாறு

ஒரு பொருளைக் குப்பையில் எறிவதா, மறுசுழற்சித் தொட்டியில் இடுவதா என்ற கேள்வி அமெரிக்க இல்லங்களில் நாள்தோறும் எழுகிறது. தயிர்க் கிண்ணம், பீட்சா வந்த அட்டைப்பெட்டி, காபி குடித்த காகிதக் கோப்பை என ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள் ஒரு முக்கோணமாக அங்கே நிற்கின்றன. நடுவில் ஓர் எண் இருக்கிறது. அம்புகளைப் பார்த்தால் ‘தொட்டியில் போடலாம்’ என்று தோன்றுகிறது. நகராட்சி அனுப்பிய துண்டறிக்கையோ ‘போடாதீர்கள்’ என்கிறது. அடுத்த ஊரில் குடியிருக்கும் உறவினர் ‘எங்கள் ஊரில் எடுத்துக்கொள்கிறார்களே’ என்கிறார். மூவர் கூற்றும் அவரவர் அளவில் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள விந்தை.

இக்குழப்பத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொதுமக்களின் அறியாமையையோ அசிரத்தையையோ காரணமாகச் சொல்லிவிட்டு, ‘விழிப்புணர்வு தேவை’ என்று முடித்துவிடுவார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. இக்குழப்பம் தானாக முளைத்ததன்று. அதற்குப் பிறந்த ஆண்டு உண்டு, வளர்த்தவர்கள் உண்டு, அதனால் ஆதாயம் அடைந்தவர்களும் உண்டு. அந்த வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிக்காரர் சொன்ன விடை

இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில் முதல் காகித ஆலையை 1690-இல் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் என்பவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே நிறுவினார். அந்த ஆலையின் மூலப்பொருள் மரமன்று, கந்தல் துணி. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவும் வரையில் காகிதத்தின் தாய் கந்தலே. ஆகவே கிழிந்த சட்டை என்பது ஒரு வீட்டில் விலையுள்ள சரக்காகவே இருந்தது. தகரப் பாத்திரங்களைச் சுமந்து ஊர் ஊராய்த் திரிந்த வண்டிக்காரர்கள் பாத்திரத்தைக் கொடுத்துக் கந்தலை வாங்கிச் சென்றார்கள். எலும்பு பொத்தானாயிற்று, உரமாயிற்று. பழைய இரும்பு உலைக்களத்துக்குத் திரும்பியது.

அந்நாளில் ‘எது மறுபடியும் பயன்படும்?’ என்ற கேள்விக்கான விடை வண்டிக்காரரின் வாயில் இருந்தது. அவர் விலை சொன்னால் அது பயன்படும். கையை விரித்தால் பயன்படாது. அறிவியலோ அடையாளச் சின்னமோ அங்கே தேவைப்படவில்லை. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே ஒரு மனிதர் நின்றார். ஆலைக்கு என்ன வேண்டும் என்பதை அவர் தம் வயிற்றுப்பாட்டுக்காகவே துல்லியமாக அறிந்திருந்தார்.

நகரங்கள் பெருத்தபோது அந்த மனிதரின் இடத்துக்கு நகராட்சி வந்தது. 1895-இல் நியூயார்க் நகரின் தெருத் துப்புரவு ஆணையராகப் பொறுப்பேற்ற கர்னல் ஜார்ஜ் வேரிங், வீட்டுக் கழிவைச் சாம்பல், உணவுக் கழிவு, உலர்ந்த குப்பை என மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று விதித்தார். அன்றைய வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் எரிந்ததால் சாம்பலுக்கென்றே ஒரு தொட்டி தேவைப்பட்டது. எதை எந்தத் தொட்டியில் போடுவது என்று ஒரு மாநகரமே யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான் எனலாம். ஆனால் மூன்றே வகைகள். மூன்றும் கண்ணால் பார்த்தே பிரிக்கக் கூடியவை. குழப்பத்துக்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அதே ஒழுக்கம் நாட்டுப்பற்றின் பெயரால் திரும்பி வந்தது. காகிதம், ரப்பர், உலோகம் எல்லாம் திரட்டப்பட்டன. சமையலில் மிஞ்சிய கொழுப்பைக்கூட டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். அதிலிருந்து எடுத்த கிளிசரின் வெடிமருந்து செய்ய உதவும் என்று அரசு சொன்னது. போர் முடிந்ததும் அந்த ஆர்வமும் முடிந்தது. 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் தேர்தலில் சாம் யார்ட்டி வென்றபோது, அவருக்குக் கைகொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று குப்பையைப் பிரித்து வைக்கும் தொல்லையிலிருந்து இல்லத்தரசிகளை விடுவிப்பேன் என்பது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடும் உரிமை ஒரு தேர்தல் பரிசாக வழங்கப்பட்ட காலம் அது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அந்த வாக்குறுதிக்குப் பின்னணியாக ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை பீரும் குளிர்பானமும் பெரும்பாலும் கனத்த கண்ணாடிப் புட்டிகளில் வந்தன. புட்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். புட்டி கழுவப்பட்டு மீண்டும் நிரப்பப்படும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தகரக் குவளையும் எறிந்துவிடும் புட்டியும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சாலையோரங்கள் குப்பையால் நிறைந்தன. 1953-இல் வெர்மான்ட் மாநிலம், திருப்பிக் கொடுக்க இயலாத புட்டிகளில் பீர் விற்பதைத் தடைசெய்தது. அந்தச் சட்டம் 1957-இல் காலாவதியாயிற்று.

அதே 1953-இல்தான் ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பு தோன்றியது. அதை உருவாக்கியவர்களில் முன்னணியில் நின்றவை குவளையும் புட்டியும் செய்த நிறுவனங்கள். அவ்வமைப்பு 1971-இல் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரம் அமெரிக்க விளம்பர வரலாற்றில் பெயர் பெற்றது. அமெரிக்கப் பூர்வகுடி உடை தரித்த ஒருவர் மாசடைந்த ஆற்றில் படகோட்டி வருகிறார். சாலையோரம் நிற்கும் அவர் காலடியில் யாரோ குப்பையை எறிகிறார்கள். அவர் கண்ணில் நீர் துளிர்க்கிறது. மாசைத் தொடங்குவதும் மக்களே, நிறுத்த வல்லவர்களும் மக்களே என்பது அதன் செய்தி. அந்த வேடத்தில் நடித்த அயர்ன் ஐஸ் கோடி இத்தாலிய வழிவந்தவர் என்பது பின்னாளில் தெரியவந்தது.

விளம்பரம் கேட்கச் சொன்ன கேள்வியைக் கவனிக்க வேண்டும். ‘திரும்பப் பெற இயலாத புட்டியைச் செய்தவர் யார்?’ என்று அது கேட்கவில்லை, ‘எறிந்தவர் யார்?’ என்று கேட்டது. அதே 1971-இல் ஆரிகன் மாநிலம் புட்டிக்கு முன்பணம் என்ற பழைய முறையைச் சட்டமாக்கியது. இன்றுவரை 10 மாநிலங்களில் மட்டுமே அத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஏனைய மாநிலங்களில் புட்டியின் பொறுப்பு, குடித்து முடித்தவரின் கையோடு நின்றுவிட்டது.

ஒரு மாணவர் வரைந்த அம்புகள்

1970 ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாள் கொண்டாடப்பட்டது. அந்த எழுச்சியை ஒட்டி, சிகாகோவிலிருந்து இயங்கிய கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்னும் அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. பழைய காகிதத்தைக் கொண்டு அட்டை செய்யும் தொழிலில் அது பெரிய நிறுவனம். மறுசுழற்சிக் காகிதத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்பது போட்டியின் நோக்கம். 500-க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவரான கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது இளைஞர் வென்றார். ஒரு நாடாவை ஒருமுறை முறுக்கி முனைகளை ஒட்டினால் உள்ளும் புறமும் ஒன்றாகிவிடும் மோபியஸ் பட்டை அவருடைய உந்துதல்.

நிறுவனம் அச்சின்னத்தைத் தனியுரிமையாகக் காத்துக்கொள்ளவில்லை. அது பொதுச் சொத்தாயிற்று. சின்னம் உலகெங்கும் பரவியதற்கும், பின்னர் அதன் பொருள் கரைந்துபோனதற்கும் அந்தப் பெருந்தன்மையே காரணம். யாரும் எதன்மேலும் அதைப் பொறிக்கலாம் என்றானது. காகிதத் தொழிலிலேயே அதற்கு இரண்டு பொருள் இருந்தது. ‘இது பழைய காகிதத்திலிருந்து செய்யப்பட்டது’ என்பது ஒன்று. ‘இதை மறுபடியும் காகிதமாக்க முடியும்’ என்பது மற்றொன்று. முன்னது நடந்து முடிந்த செய்தி. பின்னது நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய நம்பிக்கை. இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. கடையில் பெட்டியை வாங்குபவருக்கு அது எப்படித் தெரியும்?

படகும் எண்ணும்

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1987 மார்ச் மாதத்தில், 3,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையைச் சுமந்துகொண்டு ‘மோப்ரோ 4000’ என்ற சரக்குத் தெப்பம் நியூயார்க்கிலிருந்து தெற்கு நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. ஐஸ்லிப் என்ற ஊரின் குப்பை அதில் இருந்தது. வட கரோலைனா ஏற்க மறுத்தது, லூசியானா மறுத்தது, மெக்சிகோவும் பெலீஸும் மறுத்தன. மாதக்கணக்கில் கடலில் அலைந்த குப்பை, புறப்பட்ட ஊருக்கே திரும்பி, புரூக்ளினில் எரிக்கப்பட்டு, சாம்பல் ஐஸ்லிப்பில் புதைக்கப்பட்டது. செய்தி நிறுவனங்கள் நாள் தவறாமல் அதைப் பின்தொடர்ந்தன. குப்பை போட இடமில்லாமல் நாடு தவிக்கிறது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியது. மறுசுழற்சியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 1986-இல் ரோட் ஐலண்டும் 1987-இல் நியூஜெர்சியும் இயற்றியிருந்தன. பிற மாநிலங்களிலும் பேச்சு சூடுபிடித்தது. சில ஊர்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்யவும் தலைப்பட்டன.

இந்தச் சூழலில்தான் 1988-இல் பிளாஸ்டிக் தொழில் சங்கம் தன் எண் முறையை அறிமுகப்படுத்தியது. பிளாஸ்டிக் ஒரே பொருளன்று; ஒன்றோடொன்று கலந்தால் கெட்டுவிடும் பல பொருள்களின் பொதுப்பெயர். அவற்றை அடையாளம் காண 1 முதல் 7 வரை எண்கள் தரப்பட்டன. குளிர்பானப் புட்டியின் பெட் 1, பால் புட்டியின் அடர்பாலித்தீன் 2, பிவிசி 3, பைகளின் மென்பாலித்தீன் 4, தயிர்க் கிண்ணத்தின் பாலிபுரொப்பிலீன் 5, பாலிஸ்டைரீன் 6, ஏனைய அனைத்தும் 7. தரம் பிரிக்கும் தொழிலாளிக்கு உதவுவதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதில் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணை எதற்குள் வைத்தார்கள்? வட்டத்துக்குள் வைத்திருக்கலாம், சதுரத்துக்குள் வைத்திருக்கலாம். பதினெட்டு ஆண்டுகளாக ‘மறுசுழற்சி’ என்று மக்கள் படித்துப் பழகியிருந்த மூன்று அம்புகளின் முக்கோணத்துக்குள் வைத்தார்கள்.

அங்கேதான் குழப்பம் பிறந்தது. ‘இது என்ன பொருள்?’ என்ற கேள்விக்கான விடை, ‘இதை மறுசுழற்சி செய்யலாமா?’ என்ற கேள்விக்கான விடையின் உடையை உடுத்திக்கொண்டது. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த எண்ணைக் கட்டாயமாக்கின. சட்டமே கட்டாயப்படுத்திய ஒரு முத்திரையைக் குடிமகன் நம்பியது எவ்வகையில் அறியாமை ஆகும்?

பிளாஸ்டிக் மறுசுழற்சி பெரிய அளவில் கட்டுப்படியாகுமா என்ற ஐயம் 1970-களிலேயே தொழில்துறையின் உள் ஆவணங்களில் எழுப்பப்பட்டிருந்தது. 2020-இல் அமெரிக்கப் பொது வானொலியும் ‘ஃபிரன்ட்லைன்’ நிகழ்ச்சியும் இணைந்து நடத்திய புலனாய்வு அதை வெளிக்கொணர்ந்தது. அந்த ஐயம் முக்கோணத்துக்குள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

எண் சொல்லாமல் விட்டவை

எண்ணை மட்டும் கொண்டு முடிவெடுக்க இயலாது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். தண்ணீர்ப் புட்டியும் பழங்கள் வரும் ஒளிபுகும் தட்டும் இரண்டுமே 1 தான். ஆனால் ஊதிச் செய்த புட்டியும் தாளாக இழுத்து அழுத்திச் செய்த தட்டும் உருகும் தன்மையில் வேறுபடுவதால், புட்டியை வாங்கும் ஆலை தட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடும். 6 என்ற எண்ணைத் தாங்கிய நுரைக் கோப்பையில் பெரும்பகுதி காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது, கூலி கட்டாது. கறுப்புத் தட்டில் கலந்திருக்கும் கரித்தூள், அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு பிளாஸ்டிக்கை அடையாளம் காணும் இயந்திரத்தின் கண்ணை மறைத்துவிடும். 7 என்பது ஓர் எண்ணே அன்று, ‘மற்றவை’ என்ற மூட்டை.

பிளாஸ்டிக்குக்கு அப்பாலும் இதே கதைதான். காகிதக் கோப்பையின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு உண்டு; அதைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள ஆலைக்கு அது காகிதம், மற்ற ஆலைக்குக் குப்பை. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், புட்டிக் கண்ணாடி உருகும் வெப்பத்தில் உருகாது. புட்டியின் மூடியைக் கழற்றிவிடுங்கள் என்று முன்பு சொன்னார்கள். பிரிக்கும் கருவிகள் மேம்பட்ட பின், மூடியைத் திருகியே போடுங்கள் என்று பல ஊர்களில் சொல்லத் தொடங்கினார்கள். முன்பு சொன்னதைக் கருத்தாய்க் கேட்டுக்கொண்டவர்தான் இன்று தவறு செய்பவர் ஆகிறார்.

ஒரே தொட்டி, ஒரே வாங்குபவர்

1990-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் நாடெங்கும் ஒரு புதிய ஏற்பாடு பரவியது. காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் அனைத்தையும் ஒரே தொட்டியில் போட்டுவிடலாம்; பிரிக்கும் வேலையை நிலையத்து இயந்திரம் பார்த்துக்கொள்ளும். லாரிச் செலவு குறைந்தது, மக்கள் மகிழ்ந்தார்கள், சேரும் அளவும் கூடியது. ஆனால் உடைந்த கண்ணாடித் துகள் காகிதப் பொதிக்குள் புகுந்தது. பிளாஸ்டிக் பைகள் இயந்திரத்தின் சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டன. வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. யார்ட்டி 1961-இல் கொடுத்த பரிசு, இம்முறை மறுசுழற்சியின் பெயரிலேயே திரும்ப வந்தது எனலாம்.

அழுக்கேறிய அந்தப் பொதிகளை வாங்க ஒருவர் இருந்ததால்தான் இது நடந்தது. சீனா தன் சரக்குகளைக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. திரும்பும்போது பெட்டகங்கள் காலியாக இருந்தன. அவற்றில் பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்றுவது மலிவு. 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பழைய காகிதம் வாங்கி அனுப்பும் தொழிலைத் தொடங்கிய ஜாங் யின் என்ற பெண்மணி, பின்னர் ‘நைன் டிராகன்ஸ்’ காகித நிறுவனத்தை எழுப்பி, 2006-இல் ஹூருன் பட்டியலில் சீனாவின் முதல் செல்வராக இடம்பெற்றார். அமெரிக்க வீடுகளின் பழைய அட்டைப்பெட்டியில் அவ்வளவு பணம் இருந்தது. 1992 முதல் உலகம் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 45 விழுக்காடு சீனாவுக்குள் சென்றதாக 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே கைகளால் பிரித்தார்கள். பிரிக்க முடியாததை எரித்தார்கள். வாங் ஜியுலியாங் எடுத்த ‘பிளாஸ்டிக் சைனா’ (2016) ஆவணப்படம், அந்தக் குவியல்களுக்கு நடுவே வளரும் குழந்தைகளைக் காட்டியது.

ஆக, அமெரிக்க இல்லத்தரசர் ஐயத்தோடு தொட்டியில் இட்ட கிண்ணம் ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’. எடுத்துக்கொண்டதால் சரியாகத்தான் போட்டோம் என்று அவர் நம்பினார். அவர் நம்பிக்கையின் மறுமுனையில் வேறொரு நாட்டின் கூலித் தொழிலாளி நின்றதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2017 ஜூலையில் சீனா, 24 வகைக் கழிவுகளை இனி ஏற்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்தது. 2018 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஏற்கும் பொருள்களிலும் கலப்பு 0.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. ஒரே தொட்டியில் சேர்த்த குப்பைக்கு அது எட்டாத தூய்மை. பொதிகள் தேங்கின. சில ஊர்கள் சேகரிப்பையே நிறுத்தின. ஃபிலடெல்ஃபியா நகரம் தான் சேகரித்த மறுசுழற்சிப் பொருள்களில் ஏறத்தாழ பாதியை எரியுலைக்கு அனுப்புவதாக 2019-இல் செய்தி வந்தது. முதல் காகித ஆலை கந்தல் வாங்கிய அதே வட்டாரம் அது.

அப்போதுதான் துண்டறிக்கைகள் மாறின. நேற்றுவரை ஏற்றதை இன்று ஏற்க மாட்டோம் என்றன. ‘விஷ்சைக்ளிங்’ என்ற சொல்லும் செல்வாக்குப் பெற்றது. எப்படியாவது மறுசுழற்சி ஆகட்டும் என்ற ஆசையில் ஆகாததையும் தொட்டியில் போடுவதற்கு அது பெயர். பொதி கெடுவது உண்மை. நல்ல காகிதமும் சேர்ந்து புதைகுழிக்குப் போவது உண்மை. ஆயினும் அந்தச் சொல் மீண்டும் ஒருமுறை எறிந்தவரை நோக்கியே விரலை நீட்டியது. பொருளின் பெயரையும் ஆசையின் சின்னத்தையும் ஒன்றாக முத்திரையிட்டவர்கள் அந்த விரலுக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள்.

திருத்த முயன்ற கதை

சின்னத்தைத் திருத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. எண் முறையின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு, 2013-இல் அம்புகளை நீக்கிவிட்டு, சாதாரண முக்கோணத்தை வைத்தது. ஆனால் வார்ப்பு அச்சுகள் விலை மிகுந்தவை. பழைய அச்சுகளை உடனே மாற்றக் கட்டாயம் இல்லை. பல மாநிலச் சட்டங்களில் பழைய வடிவமே குறிக்கப்பட்டிருந்தது. எனவே அம்புகள் தொடர்ந்தன. 2021-இல் கலிஃபோர்னியா, தன் மாநிலத்தில் உண்மையாகவே சேகரித்துப் பிரித்து மறுசுழற்சிக்குச் செல்லாத பொருளின்மேல் மூன்று அம்புகளைப் பொறிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2023-இல் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே, எண்ணோடு சேர்ந்த அம்புகள் மக்களைத் தவறான வழியில் நடத்துகின்றன என்று வணிக ஆணையத்துக்கு எழுதியது. 1988-இல் வைத்த முடிச்சை அவிழ்க்க 35 ஆண்டுகள் கழித்தும் முயன்றுகொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அதே முகமையின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கு, அந்த முடிச்சுக்குள் மறைந்திருந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. அமெரிக்காவில் காகிதமும் அட்டையும் 68 விழுக்காட்டுக்கு மேல் மறுசுழற்சிக்குச் சென்றன. பானங்களின் அலுமினியக் குவளைகள் பாதி. கண்ணாடிக் கொள்கலன்கள் 31 விழுக்காடு. பிளாஸ்டிக் மொத்தமாக 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தனை வேறுபட்ட விதிகளையும் ஒரே மூன்று அம்புகள் சமமாக வாழ்த்திக்கொண்டிருந்தன.

எடைக்கல்லின் நேர்மை

இந்தக் கதைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். அதே முக்கோணமும் அதே எண்களும் 1998-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி வழியாக நம் ஊர்த் தண்ணீர்ப் புட்டிகளின் அடியிலும் அமர்ந்துவிட்டன. ஆனால் நம்மிடம் அவற்றைப் படித்து முடிவெடுப்போர் மிகச் சிலரே. காரணம், ரிட்டன்ஹவுஸ் காலத்து வண்டிக்காரர் இங்கே இன்னும் மறையவில்லை. பழைய பேப்பர்காரரும் காயலான் கடைக்காரரும் தராசோடு நிற்கிறார்கள்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஒரே தொட்டி முறையில் அமெரிக்க நிலையங்களைத் திணறடிக்கும் 4-ஆம் எண் மென்பாலித்தீன், நம் வீடுகளில் பால் கவராக வருகிறது. அதைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து எடைக்குப் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தனியாக, சுத்தமாக, ஒரே வகையாகச் சேர்ந்தால் அதற்கு விலை இருக்கிறது. அதே கடையில் பல அடுக்குகளை ஒட்டிச் செய்த பிஸ்கட் உறையை நீட்டிப் பாருங்கள். எந்த முத்திரை இருந்தாலும் தராசு ஏறாது. பொருளின் வேதியியல் பாதி விடைதான். எப்படிச் சேர்ந்தது, எவ்வளவு தூரம் போக வேண்டும், மறுமுனையில் வாங்க யார் இருக்கிறார்கள் என்பது மறுபாதி. அந்த மறுபாதியை எந்த முக்கோணத்துக்குள்ளும் அச்சிட முடியாது. அது ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பழைய பொருள் வணிகத்தை நாம் ஒரு பொற்காலமாகச் சித்திரிக்க விரும்பவில்லை. அதில் உழைப்பவர்களின் கைகளையும் நுரையீரல்களையும் பார்த்தவர் எவரும் அவ்வாறு எழுதமாட்டார். விலை கிடைக்காததை அது கைவிட்டுவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் அதனிடம் ஒரு நேர்மை உண்டு: வாங்க முடியாததை வாங்குவதாக அது சொல்வதில்லை.

மூன்று அம்புகள் இழந்தது அந்த நேர்மையைத்தான். அதற்கான விலை குப்பையின் எடையில் மட்டும் இல்லை. கழுவி, உலர்த்தி, பிரித்து வைத்த ஒருவர், தாம் பிரித்ததெல்லாம் எரியுலைக்குப் போயிற்று என்று ஒருநாள் செய்தித்தாளில் படிக்கிறார். மறுநாள் அவர் காகிதத்தையும் அலுமினியக் குவளையையும்கூடச் சேர்த்துக் குப்பையில் எறியக்கூடும். காகிதம் உண்மையாகவே காகிதமாகத் திரும்பும். அலுமினியத்தைப் பழைய குவளையிலிருந்து எடுத்தால், தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகும். பொய்யான வாக்குறுதி தன்னோடு மெய்யான வாக்குறுதியையும் இழுத்துக்கொண்டு மூழ்குகிறது. ஆகவே, ‘இதைப் போடலாமா?’ என்று தொட்டிக்கு முன்னே தயங்கி நிற்பவருக்குப் பாடம் நடத்துமுன், அந்தப் பொருளைச் செய்தவரிடம் ஒரு கேள்வி கேட்பது முறை: இதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டா செய்தீர்கள்?